மூன்று காப்பியும் ஒரு காலி நாற்காலியும்

அத்தியாயம் ஏழு

நாற்காலியின் முதுகில் சால்வை தொங்கியது. மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஆளை மட்டும் காணோம்.

"இப்பதான் எந்திரிச்சுப் போனாங்க" என்றார் பக்கத்து மேஜை ஆடிட்டர், நான் கேட்பதற்கு முன்பே.

காலையிலிருந்து இதே பதில்தான். எதிர் மேஜையிலிருந்த மொழிபெயர்ப்பாளரும் இதைத்தான் சொன்னாள். மூலையில் இணையதளம் வடிவமைக்கும் நெட்டையனும் இதைத்தான் சொன்னான். மூன்று பேரும் ஒரே சொற்களில், ஒரே தொனியில் சொன்னார்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒப்பித்துப் பார்த்தவர்கள் மாதிரி.

"அண்ணி, ஒரு பிஸ்கட்" என்றாள் பட்டாசு, என் காதருகே.

"கூடாது. நாம வேலையா வந்திருக்கோம்."

"இங்க எல்லாருமே வேலையாத்தான் வந்திருக்காங்க. அவங்க தின்னுக்கிட்டே பாக்கறாங்க. நாம மட்டும் என்னத்துக்கு விரதம்?"

பட்டாசு என் நாத்தனார். கணவரின் தங்கை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறோம். மூளை என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாய் அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எங்களை அமர்த்தியவர் ஒரு டைல்ஸ் கடை முதலாளி. நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து, உட்காரும் முன்பே செல்போனை நீட்டினார். "வீட்டுல அடைஞ்சு கிடக்க வேண்டாம்னு நான்தான் என் மனைவிக்கு, மேஜை வாடகைக்கு விடற இந்தக் கோ-ஒர்க்கிங் இடத்துல மெம்பர்ஷிப் வாங்கிக் குடுத்தேன். கடை லெட்டரெல்லாம் அங்க உட்கார்ந்து அடிக்கிறா. காலையில நான் விடறேன், ஆறு மணிக்கு நானே கூட்டிட்டு வரேன். கார்டு என் பேர்ல. அதனால அவ எந்தச் சலுகையை எப்ப எடுத்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். காப்பி, யோகா, மசாஜ் நாற்காலி, பிரிண்ட். அவ மூச்சு விடறதைத் தவிர எல்லாம் இதுல வரும்."

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல அவளுக்குக் காப்பி வாசனையே ஆகாது. இங்க தினம் மூணு காப்பி. யார் கூடவோ உட்கார்ந்து குடிக்கிறா. அது யாருன்னு நாளைக்கு ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

அதனால்தான் இன்று இந்த நான்காவது மாடியில் இருக்கிறோம். ஆளுக்கொரு ஒருநாள் சோதனை அட்டை வாங்கியிருந்தோம். கண்ணாடிச் சுவர்கள், கண்ணாடி அறைகள், தொலைபேசியில் பேச ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிகள். எதிலும் திறக்கிற ஜன்னல் இல்லை. யார் எங்கிருந்தாலும் எல்லோருக்கும் தெரியும்படி கட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணைக் காலையிலிருந்து எங்களால் பார்க்க முடியவில்லை.

கீழே வாசலில் காவலாள் கிடையாது. ஒரு சுழல் கதவு மட்டும். கார்டைக் காட்டினால் ஒரே ஒரு ஆளை உள்ளே விடும். வெளியே போவதற்கு எதுவும் வேண்டாம். தள்ளினால் போதும்.

மதியம் என் கணவர் வந்தார். நான் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். பட்டாசு கீழே போய், தன் சோதனை அட்டையைக் காட்டி, 'விருந்தாளி' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு இன்னொரு சுற்று சுற்றி அவரை உள்ளே விட்டது. சோதனை அட்டைக்கு ஒரே ஒரு விருந்தாளிதான். அவளுடையது அத்தோடு தீர்ந்தது.

அவர் மேலே வந்து ஒரு காப்பி குடித்தார். நான் முறைப்பதற்குள் இரண்டு பிஸ்கட்டும் தின்றார்.

"சாயங்காலம் எப்ப வருவே?" என்று கேட்டார்.

"தெரியலையே."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது அந்தச் சொல்லை நான் கவனிக்கவில்லை.

பிற்பகலில் டைல்ஸ்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இன்றைய சலுகைகளை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"பட்டாசு, யோகா வகுப்பு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். நான் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். பாதிப் பேர் படுத்துத் தூங்கறாங்க."

"அவங்க யோகாவுல இருந்த அதே நேரத்துல மசாஜ் நாற்காலியிலயும் இருந்திருக்காங்க."

"அப்ப ரெட்டைப் பிறவியா?"

"இல்லை. கார்டு ஒரு இடத்துல கையெழுத்து போட்டுட்டு இன்னொரு இடத்துக்குப் போயிருக்கு. கார்டுதான் இங்க இருக்கு. அவங்க இல்லை."

பட்டாசு நாற்காலியில் நிமிர்ந்தாள். "வெளிய போயிட்டாங்கன்னா சாயங்காலம் எப்படி உள்ள வருவாங்க? கார்டு இல்லாம கதவு விடாதே. கார்டோட வந்தா ரெண்டாவது தடவை வந்தது அவருக்குத் தெரிஞ்சிடும். அவரோ தினம் கீழ வந்து கதவுக்கு எதிர்ல உட்கார்ந்துக்கறாரு. உள்ளயிருந்துதானே அவங்க வெளிய வரணும்?"

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. வெளியே போவது எளிது. திரும்பி வந்து, போகவே இல்லை என்று காட்டுவதுதான் கடினம். எதிரில் தொங்கிய சால்வையைப் பார்த்தேன். அது காலையில் இருந்த மடிப்பிலேயே இருந்தது. ஆனால் பாட்டிலில் தண்ணீர் மட்டும் அவ்வப்போது குறைந்து மறுபடி நிரம்பியது. யாரோ அன்பாகச் செய்கிற வேலை அது என்று தோன்றியது. ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதுபோல் பார்த்துக்கொள்கிற அன்பு.

பட்டாசு எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"என் சிநேகிதிக்கு இந்த இடத்தைக் காட்டணும், ஒரு விருந்தாளி பாஸ் கடன் குடுங்கன்னு கேட்டேன். ஒருத்தர்கிட்டயும் இல்லையாம். மாசம் பூரா உள்ளது தீர்ந்துபோச்சாம். அந்த ஆடிட்டரைப் பாருங்க அண்ணி. காலையிலேருந்து அவருக்கு ஒரு போன்கூட வரல. அவரைத் தேடிட்டு வர அத்தனை விருந்தாளி எங்கேருந்து முளைச்சாங்க? நெட்டையன் ஹெட்போனைக் கழட்டவே மாட்டேங்கறான். அவனுக்கும் தீர்ந்துபோச்சு. வரவேற்புல இருக்கற பொண்ணு சொல்லுது, 'இந்தச் சலுகையை யாரும் சீந்த மாட்டாங்க மேடம், மத்த மாடியில எல்லாம் அப்படியே காலாவதி ஆயிடும். இந்த மாடியில மட்டும்தான் இப்படி'ன்னு."

பட்டாசு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்கு என்னமோ தெரிஞ்சுபோச்சு. மூக்கு விடைக்குது."

"தேடி வர ஆளே இல்லாத இவங்க தினம் ஒரு விருந்தாளியை வரவேற்கிறாங்க. தினமும் ஒரே விருந்தாளியை."

அவள் நாற்காலியில் தொங்கிய சால்வையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. டைல்ஸ்காரர். நான் அருகிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து கதவை இழுத்துக்கொண்டேன். வெளிச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

"நான் கிளம்பிட்டேன்" என்றார். "இன்னிக்கு சீக்கிரம். கால் மணி நேரத்துல கீழ இருப்பேன். அவ இப்ப மசாஜ் நாற்காலியில இருக்கறதா காட்டுது. பக்கத்துல யாரு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மசாஜ் நாற்காலியிலிருந்து நெட்டையன் எழுந்து, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளரும் எழுந்துவிட்டாள். ஆடிட்டர் வந்து பெட்டியின் கதவில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் என் உதடுகளைப் பார்த்தார்கள். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. ஆனால் யாரிடம் பேசுகிறேன் என்று தெரிந்திருந்தது.

"ஹலோ? பக்கத்துல யாருன்னு கேட்டேன்."

"ஒண்ணு உறுதி பண்ணிக்க வேண்டியிருக்கு சார். நீங்க வந்ததும் நேர்ல சொல்றேன்."

"சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். முன்னாடி ஒரு இடத்துல வேலைக்குப் போயிட்டிருந்தா. நான் தினம் அந்த வாசல்லயே போய் உட்கார்ந்தேன். அவங்களே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. நான் ஒரு வார்த்தை கோபமாப் பேசினதில்லை. இப்பவும் எல்லா வசதியும் பண்ணிக் குடுத்திருக்கேன் இல்ல? எங்க இருக்கான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

குரல் மென்மையாக இருந்தது. அதுதான் என்னை என்னமோ செய்தது. அடிக்கிறவரின் குரல் என்றால் முடிவெடுப்பது சுலபம். இது கவலைப்படுகிறவரின் குரல். உள்ளபடியே கவலைப்படுகிறார். அந்தக் கவலைக்குள் ஒரு ஆள் நிற்க மட்டுமே இடமிருந்தது, இந்தப் பெட்டியைப் போல.

போனை வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். ஆடிட்டரின் முதுகு அசையவில்லை. என் மூச்சு கண்ணாடியில் படிந்து எதிரில் நின்ற முகங்களை அழித்தது. கையால் துடைத்தேன். மறுபடி படிந்தது. இத்தனை வருஷம் நான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று மற்றவர்களைப் பார்த்தவள். பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது? இது டைல்ஸ்காரரின் மனைவிக்குத் தினமும்.

கதவு சட்டென்று திறந்தது. முதலில் உள்ளே வந்தது பட்டாசின் குரல்.

"ஐயா, அவங்க என் அண்ணி. உள்ள வச்சுப் பூட்டறதா இருந்தா எங்கண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். மனுஷன் சாவி செஞ்சு குடுத்திருப்பாரு."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார் என்னிடம்.

"இல்லை. நாங்க யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"காலையிலேருந்து நீங்க ஒரு காப்பி குடிக்கல, ஒரு பிஸ்கட் தொடல. ஒருநாள் சோதனைக்கு வர்றவங்க எப்படி இருப்பாங்க தெரியுமா? பிள்ளைங்க பள்ளிக்கூடப் பாடம் மொத்தத்தையும் பிரிண்ட் எடுப்பாங்க. மசாஜ் நாற்காலியை விட்டு எறங்க மாட்டாங்க. ஓசியைத் தொடாம ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா, ஒண்ணு வருமானவரிக்காரங்க, இல்ல உங்களை மாதிரி. மத்தியானம் வந்தாரே ஒருத்தர், அவரைப் பாத்துத்தான் கொஞ்சம் குழம்பிட்டோம்."

"கேட்டீங்களா அண்ணி?" என்றாள் பட்டாசு. "கேட்டீங்களா? பிஸ்கட் தின்னிருந்தா மாட்டியிருக்க மாட்டோம்."

"நீங்களும் அதே மாதிரிதான் மாட்டிக்கிட்டீங்க" என்றேன் ஆடிட்டரிடம். "அவங்க கார்டுல காப்பி குடிக்கறது யாரு?"

மொழிபெயர்ப்பாளரின் காதுகள் சிவந்தன.

"நான்தான்" என்றாள். "என் மூணும் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும். அவங்கதானே குடிக்கல, வீணாப் போகுதேன்னு…"

"அவங்க வீட்டுல காப்பியே குடிக்க மாட்டாங்க. உங்க மூணு காப்பியைப் பாத்துட்டுத்தான் அவர் எங்களைத் தேடி வந்தாரு."

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். உதவி செய்ய நினைத்து, கூடவே கொஞ்சம் ஓசிக்கும் ஆசைப்பட்ட முகம். அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"எங்க போறாங்க?" என்றேன்.

ஆடிட்டர் தயங்கினார். பிறகு சொன்னார். "ரெண்டு தெரு தள்ளி ஒரு பல் லேப் இருக்கு. செயற்கைப் பல் செய்யற இடம். அவங்க படிச்சது அது. கடை லெட்டரைக் காலையிலேயே அடிச்சு முடிச்சுட்டு அங்க போயிடுவாங்க. இன்னும் ஒரு மாசம் முடிஞ்சா வேலை நிரந்தரம். மேல் மாடியில தங்க ரூமும் தர்றதாச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த வாசல்லயும் போய் உட்கார்ந்துடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க வீட்டுக்குத் திரும்பமாட்டாங்க."

நெட்டையன் அப்போதுதான் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். அவன் கையில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது. "கீழ வந்துட்டாங்க. வாசல்ல நிக்கறாங்க. யாராவது உள்ள கூப்பிடுங்கன்னு கேக்கறாங்க." ஆடிட்டரைப் பார்த்தான். ஆடிட்டர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு பாஸ் மிச்சம் வச்சிருந்தேன்" என்றாள். "இன்னிக்கு மாசக் கடைசி. இவங்களுக்காகத்தான் வச்சிருந்தேன். காலையில எங்க அக்கா சொல்லாம கொள்ளாம வந்து நின்னுட்டா. கூடப் பொறந்தவளை வாசல்லயே நிறுத்தி எப்படித் திருப்பி அனுப்பறது?"

"அதை ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றார் ஆடிட்டர்.

"சொல்றதுக்குள்ளதான் இவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்களே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்தில் தொங்கிய சோதனை அட்டையை. அதில் ஒரு விருந்தாளி மிச்சமிருந்தார்.

டைல்ஸ்காரர் வருவதற்கு இன்னும் சில நிமிஷங்கள்தான். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் வருவார், வாசலுக்கு வெளியே அவளைப் பார்ப்பார். என் வழக்கு தானாகவே முடிந்துவிடும். எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டும் என்றார். தெரிந்துவிடும்.

'சாயங்காலம் எப்ப வருவே?' என் வீட்டிலும் இதே கேள்விதான். தெரியவில்லை என்றேன், சரி என்று போனார். அந்தச் சரியில் இருந்த கதவை நான் இத்தனை வருஷம் தள்ளிக்கொண்டு போயும் வந்தும் இருக்கிறேன். கதவு என்று தெரியாமலே.

"பட்டாசு, நீ இங்க இரு. அந்தச் சால்வையைக் கொஞ்சம் கலைச்சுப் போடு. நாள் முழுக்க ஒருத்தர் சாய்ஞ்சு உட்கார்ந்த மாதிரி."

லிஃப்ட் மேல் மாடியில் எங்கோ நின்றிருந்தது. படியில் இறங்கினேன்.

சுழல் கதவுக்கு அந்தப்பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். டைல்ஸ்காரர் காட்டிய புகைப்படத்தில் பார்த்ததைவிடச் சின்ன முகம். யாரோ தெரியாத ஒருத்தி இறங்கி வருவதைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். நான் அட்டையைக் காட்டி, பொத்தானை அழுத்தினேன்.

"வாங்க. நீங்க என் விருந்தாளி."

அவள் அசையவில்லை. "நீங்க யாரு?"

"உங்களைக் கண்டுபிடிக்க வந்தவ."

தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. அவள் அதைப் பார்க்கவில்லை, சத்தத்திலேயே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே பாய்ந்தாள். கதவு அவளைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி என் பக்கம் விட்டது. மூச்சிரைத்தது. வலது மணிக்கட்டில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. பல் அச்சு எடுக்கிற மாவு. துப்பறிகிறவள் முதலில் பார்ப்பது அதைத்தான். கைக்குட்டையை எடுத்து அதை நான் துடைத்துவிட்டேன்.

"நகத்தையும் பாத்துக்குங்க" என்றேன். "நாளையிலேருந்து உங்க கார்டுல யாரும் காப்பி குடிக்க மாட்டாங்க. மேல போங்க. கார்டு, பை, சால்வை எல்லாம் எடுத்துக்கிட்டு நிதானமா எறங்கி வாங்க. ஓடி வராதீங்க."

அவள் நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு படியேறினாள்.

நான் கதவைத் தள்ளி வெளியே வந்து ஒதுங்கி நின்றேன். டைல்ஸ்காரர் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் தெரியாதவர்போல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டாசு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெண், தோளில் கசங்கிய சால்வையுடன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்தாள். கொட்டாவி நல்ல யோசனை. நான் சொல்லித் தந்ததல்ல அது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் அவளைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். ரிமோட்டை அழுத்தினார். கார் கண்ணைச் சிமிட்டிப் பூட்டிக்கொண்டது. எதையோ மறந்துவிட்டதுபோல் எங்களிடம் திரும்பி வந்தார்.

"யாரு அவன்?"

"அப்படி யாரும் இல்லை சார். இன்னிக்கு நாள் முழுக்க அவங்ககூட எந்த ஆம்பளையும் காப்பி குடிக்கல. அதை எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"அப்ப அந்த மூணு காப்பி?"

"நீங்க கட்டின சந்தாவாச்சே. அவங்க ஒரு சலுகையைக்கூட வீணாக்கறதில்லை."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு, பழக்கம் விடாமல், மறுபடி சுருங்கியது. "இன்னிக்கு ஒரு நாள்தானே பாத்தீங்க? அவ கெட்டிக்காரி. ஒரு மாசம் பாருங்க. உங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கே முழு மெம்பர்ஷிப் வாங்கிடறேன்."

பட்டாசு என் கையைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். இரண்டு முழு மெம்பர்ஷிப். மாதம் பூராவுக்கும் இரண்டு பேருடைய விருந்தாளிகள்.

"உங்க பேர்ல வேண்டாம் சார்" என்றேன். "அவங்களுக்குத் தெரிஞ்சுடும். எங்க நிறுவனத்து பேர்ல எடுத்துக்கறோம்."

"நல்ல யோசனை. அவளைக் கண்ணுலயே வச்சிருக்கணும்."

"வச்சிருப்போம்."

அவர் காரை நோக்கி நடந்தார். முன் இருக்கையிலிருந்து அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால். நாங்கள் என்ன பேசினோம் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். பட்டாசும் தன்னுடையதை உயர்த்தினாள். கார் நகர்ந்தது. அவள் தலை மிகக் கொஞ்சமாக அசைந்தது. வண்டியின் குலுங்கலாகவும் இருக்கலாம்.

"அண்ணி" என்றாள் பட்டாசு. "இது துரோகம் இல்லையா? நாம அவர்கிட்ட சம்பளம் வாங்கறோம்."

"ஆமாம். ஒரு மாசத்துக்கப்புறம் அவரே கேப்பாரு. அன்னிக்கு நானே சொல்லிக்கறேன்."

அவள் தன் அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"என் பை மேல இருக்கு" என்றேன்.

சுழல் கதவில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினேன். சோதனை நேரம் முடிந்துவிட்டிருந்தது. உள்ளே, படியின் கடைசித் தட்டில், ஆடிட்டர் என் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்க முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்த தினுசைப் பார்த்தால், மசாஜ் நாற்காலி அவருக்குத்தான் அதிகம் தேவை என்று தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பையை நீட்டினார். இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றி ஏதோ இருந்தது.

பட்டாசு பிரித்துப் பார்த்தாள். நான்கு பிஸ்கட்.

"இது யாரு கார்டுல?" என்று கேட்டேன்.

"பிஸ்கட்டுக்குக் கார்டு கிடையாதுங்க, எத்தனை எடுத்தாலும் அவர் போன்ல வராது" என்றார். "அதான் அவருக்கு எங்க மேல இன்னும் சந்தேகம் வரல."